நிற்கும்போது அணையும் இன்ஜின்: காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

திருத்தணி மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு காரை எண்ணிப் பாருங்கள். வளைவில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, கிளட்சை மிதித்து, பிரேக்கில் நிறுத்தப் போகும் நொடியில் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுவதால் யாரும் கவலைப்படுவதில்லை. மறுநாள் சென்னை–திருப்பதி சாலையில், டோல்கேட் வரிசையில் அதே தொல்லை. மெக்கானிக் த்ராட்டில் பாடியைக் கழுவித் தருகிறார். இரண்டு வாரத்தில் குறை திரும்பி வருகிறது. அடுத்த முறை ஸ்பார்க் பிளக், அதற்கடுத்து ஏதோ ஒரு சென்சார். இத்தனை செலவுக்குப் பிறகும் இன்ஜின் ஏன் நின்றது என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இருப்பதில்லை. அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவதில்தான் வண்டிக்காரரின் உயிர்ப் பாதுகாப்பும் பணமும் சட்ட உரிமையும் அடங்கியிருக்கின்றன.

‘மறுபடி ஸ்டார்ட் ஆகிறதே, என்ன ஆபத்து?’ என்பது முதல் மறுப்பு. பெரும்பாலான பெட்ரோல் கார்களின் பிரேக் பூஸ்டர், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்குகிறது. இன்ஜின் நின்றபின் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். பதற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஆகவே ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். தேவைப்பட்டால் ஹேண்ட் பிரேக்கை மெல்ல ஏற்ற வேண்டும். வண்டி முழுவதும் நிற்கும் வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சமாகும் என்று மலையில் நியூட்ரலில் இறங்குவோர் இன்ஜின் தரும் பிடிப்பையும் இழக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்ஷன் கார்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை நிறுத்திவிடுவதால் நியூட்ரலில் மிச்சம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றது. அங்கே காரணம் வேறு: இக்னிஷன் சுவிட்ச் தானாக நழுவி, ஓடும்போதே இன்ஜின் நின்றது, ஏர்பேக்கும் விரியவில்லை. 124 மரணங்களுக்கு இழப்பீடு ஏற்கப்பட்டது. நிறுவனத்தின் பொறியாளர்கள் இதைப் பல ஆண்டுகள் வாடிக்கையாளரின் வசதி சார்ந்த குறையாகவே வகைப்படுத்தியிருந்தார்கள் என்று விசாரணை அறிக்கை சொன்னது. இன்ஜின் தானாக நிற்பதைச் சிறு தொந்தரவு என்று பெயரிட்டதற்குக் கிடைத்த விலை அது.

நிற்கும் நேரத்தில் மட்டும் இன்ஜின் அணைவதற்கும் ஒரு தர்க்கம் உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்றுக் கதவு மூடிக்கொள்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 700 முதல் 900 சுற்று என்ற ஐடிலிங் அளவில் இன்ஜின் தன்னைத் தாங்கிக்கொள்ள, கணக்காக அளந்த காற்றும் பெட்ரோலும் வேண்டும். ஏசி, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் சுமையும் அதே நேரத்தில் அதன் மேல் இருக்கும். வேகத்தில் ஓடும்போது மறைந்திருந்த சிறு குறை இங்கே வெளிப்பட்டுவிடும். ஆகவே எப்போது அணைகிறது என்பதே நோயின் நாடி. ஏசி போட்டால் மட்டும் அணைந்தால் ஐடிலிங்கைச் சீராக்கும் அமைப்பிலும் த்ராட்டில் கரியிலும் சந்தேகம் வைக்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் அணைந்தால் பூஸ்டரையும் அதன் வேக்கம் குழாயையும் முதலில் சோதிக்க வேண்டும். அங்கே கசிவு இருந்தால் பிரேக்கும் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சூடான பிறகு மட்டும் என்றால் கிராங்க் சென்சாரையும் ஃபியூயல் பம்பையும் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் ‘டி’-யில் அணைந்து நியூட்ரலில் அணையாவிட்டால், டார்க் கன்வெர்ட்டரின் லாக் விடுபடாமல் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கியது என்றால், கம்ப்யூட்டர் ஐடிலிங் அளவை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கலாம். புதிய கார்கள் சிலவற்றில் நின்றதும் இன்ஜினைத் தானே நிறுத்தும் வசதி இருக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அல்லது கிளட்சை மிதித்ததும் தானே ஸ்டார்ட் ஆனால் அது பழுதில்லை.

எல்லாப் பழியையும் எத்தனால் கலந்த பெட்ரோலின் மேல் போடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே கூறியது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. ஆனால் ஊரே அதே பெட்ரோலில் ஓடும்போது ஒரு வண்டி மட்டும் டோல்கேட்டில் நின்றால், அந்த வண்டிக்குள் தேட வேண்டியதும் இருக்கிறது. பங்கில் போட்ட பெட்ரோல் மீதுதான் சந்தேகம் என்றால் அங்கேயே ஃபில்டர் பேப்பர் சோதனையையும் அடர்த்திச் சோதனையையும் கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை.

சில வேளை குறை தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்கும். மாருதி 2020 ஜூலையில் 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை ஃபியூயல் பம்ப் சந்தேகத்துக்காகத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2021 ஏப்ரலில் 77,954 கார்களை அழைத்தபோது, பம்பின் உள்பாகக் குறையால் இன்ஜின் நின்றுவிடக்கூடும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. 2024 மார்ச்சில் மாருதி மறுபடி 16,000-க்கு மேற்பட்ட கார்களை இதே போன்ற காரணத்துக்காக அழைத்தது. இவற்றில் பம்பை மாற்றித் தருவது இலவசம். தன் காரின் 17 இலக்கச் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்க்காதவர், இலவசமாகக் கிடைக்க வேண்டிய பம்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் ஏழு ஆண்டுக்குட்பட்ட வாகனங்களுக்குப் பொருந்தும். உரிமையாளர்களின் புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டினால் விசாரணை தொடங்கும். அதனால் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு புகாரும் அடுத்தவரின் பாதுகாப்பிலும் ஓட்டை போடுகிறது.

‘தெருமுனை மெக்கானிக்கிடம் போய் எழுத்தில் கேட்பதா?’ என்று தயங்குவோர் உண்டு. அவரைக் குற்றவாளியாக்குவது நோக்கமன்று. ஸ்கேனரும் அசல் பாகங்களும் தனி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காகவே 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளில் சிக்கினாலும், அது சுட்டிய உண்மை நிற்கிறது: கருவி மறுக்கப்பட்ட கை ஊகத்தால்தான் வேலை செய்யும். ஸ்கேனர் இல்லாதவர், அது உள்ள இடத்தில் ‘கோடு’ எனப்படும் பிழைக் குறியீட்டை எடுத்துவரச் சொல்லலாம். ஐடிலிங் அமைப்பில் குறை என்பதற்கு பி0505, கலவையில் பெட்ரோல் குறைவு என்பதற்கு பி0171 என்று காரின் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். கோடு குற்றவாளியின் பெயரன்று. தேட வேண்டிய தெருவின் பெயர் மட்டுமே. அது தெரியாமல் பாகம் மாற்றுவது இருட்டில் கல்லெறிவது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், பில் வாங்குங்கள். பில் தராதிருப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகவே வரையறுக்கிறது.

‘கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்காகும்’ என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. மூன்று மாதம், ஆய்வகச் சோதனை தேவையென்றால் ஐந்து மாதம் என்று சட்டம் சொன்னாலும் தாமதம் நேர்கிறது. ஆனால் முதல் படி கோர்ட் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915. அங்கும் தீராவிட்டால், கார் சென்னையில் வாங்கியதானாலும் திருப்பதியில் வாங்கியதானாலும், திருத்தணிக்காரர் தான் வசிக்கும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். செலுத்திய விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். பக்தர்களை ஏற்றிச் சொந்தமாக டாக்சி ஓட்டிப் பிழைப்பவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. ஆனால் எதிர்பார்ப்பில் அளவு வேண்டும். வாரன்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கே, முழுக் காரையும் மாற்றுவதற்கு அன்று என 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மாருதி வழக்கில் கூறியது. 2010-இல் ஒரு ஃபியட் வழக்கிலோ, தனி வல்லுநர் சோதித்து உற்பத்திக் குறை என்று உறுதிசெய்தால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. இரு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால், காரணத்தை யார் நிறுவுகிறார்கள் என்பதில்தான் வழக்கு திரும்புகிறது என்பது விளங்கும்.

ஆகவே அடுத்த முறை சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுத விடாதீர்கள். ‘வண்டி சூடான பிறகு, ஏசி ஓடும்போது, பிரேக் போட்டு நிற்கும் நேரத்தில் இன்ஜின் அணைகிறது, வாரத்தில் மூன்று முறை’ என்று உங்கள் சொல்லிலேயே, தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதச் சொல்லுங்கள். அப்போது உடன் வந்தவர் ஒருவர் மீட்டரைக் கைபேசியில் படம் பிடித்திருந்தால் அதையும் காட்டுங்கள். குறை தென்படவில்லை என்றால் அதையும் எழுதி, முத்திரை வைத்துத் தரட்டும். அந்த ஒரு வரி நல்ல மெக்கானிக்குக் குறையைக் கண்டுபிடிக்கும் வழியாகும். நேர்மையற்றவரிடம் உங்கள் சாட்சியாகும்.