ஒரு துளி இரத்தமும் ஈரல் புற்றுநோயும்

"ஒரு துளி இரத்தத்தில் ஈரல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் கருவி வந்துவிட்டதாம், உண்மையா சேர்?" வாட்ஸ்அப்பில் வந்த காணொளியொன்றைக் காட்டி எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சீனி வருத்தம். ஈரலில் கொழுப்பு இருப்பதாகவும் ஸ்கேனில் சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை என்றேன்.

வீட்டில் சீனி பார்க்கும் சிறிய கருவியை அறியாதவர் இல்லை. அதுவும் ஒரு பயோசென்சர்தான். அதில் செருகும் பட்டியில் உள்ள நொதியம் குளுக்கோசுடன் தாக்கமடையும்போது உண்டாகும் மின்னோட்டத்தையே கருவி எண்ணாகக் காட்டுகிறது. இந்த வழியை 1962இல் முன்வைத்தவர் அமெரிக்கரான லீலண்ட் கிளார்க்.

ஈரல் புற்றுநோய்க்கான சென்சரில் நொதியத்தின் இடத்தில் பெரும்பாலும் பிறபொருளெதிரி இருக்கும். மெல்லிய தங்கப் படலத்தின் மேல் அதை ஒட்டி வைப்பார்கள். அது பிடிக்க வேண்டியது ஏ.எஃப்.பி. என்ற புரதத்தை. கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் இதை ஏராளமாகச் சுரக்கும். பிறந்த பின் குறைந்துவிடும். ஈரலில் புற்று வளரும்போது பலருக்கு மீண்டும் கூடும். புரதம் வந்து ஒட்டியதும் மின்சைகை மாறும். தத்துவம் இவ்வளவுதான்.

சிக்கல் அளவில் இருக்கிறது. சீனி 100 என்றால் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் பத்து இலட்சம் நனோகிராம் குளுக்கோஸ். ஏ.எஃப்.பி. 20 நனோகிராமைத் தாண்டினாலே டொக்டர்கள் கவனிப்பார்கள். அதே மில்லிலீற்றரில் அல்புமின் என்ற புரதம் அதைப்போல ஏறத்தாழ இருபது இலட்சம் மடங்கு மிதக்கிறது. அதுவும் தங்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சந்தைக் கூட்டத்துக்குள் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்பது போன்ற வேலை. ஆய்வுகூடங்களில் தங்க நனோ துணிக்கைகளைக் கொண்டு சைகையைப் பெருக்கி இதைச் சாதித்திருக்கிறார்கள். ஆனால் சீனி பார்ப்பதுபோல் நோயாளி வீட்டில் பார்க்கும் நிலைக்கு அது வரவில்லை.

இன்னொரு சிக்கல், சென்சர் எவ்வளவு கூர்மையானாலும் தீராது. ஆரம்பக் கட்டத்தில் கணிசமானோருக்கு ஏ.எஃப்.பி. கூடுவதே இல்லை. மறுபக்கம், கர்ப்பத்திலும் ஈரல் அழற்சியிலும் புற்றுநோய் இல்லாமலே கூடும். அதனால்தான் பல குறிகாட்டிகளை ஒரே சிப்பில் பார்க்க முயல்கிறார்கள்.

எம்மவரிடம் ஓர் எண்ணம் இருக்கிறது: குடிப்பவனுக்குத்தான் ஈரல் பழுதாகும், எங்களுக்கென்ன? ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயதானோரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு மதுவுடன் தொடர்பில்லாத ஈரல் கொழுப்பு இருந்தது. சீனியும் தொந்தியும் போதும். இவர்களில் சிறு பகுதியினருக்கே ஈரல் இறுகி சிரோசிஸ் ஆகிறது. புற்றுநோய் அபாயம் அவர்களுக்கே மிக அதிகம். ஆரம்பத்தில் வலி கிடையாது. எனவே சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கொரு முறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்ய வேண்டும், ஏ.எஃப்.பி. அதற்குத் துணை மட்டுமே. கட்டி சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டால் வெட்டி அகற்றலாம், அல்லது ஊசி வழியே சுட்டு அழிக்கலாம்.

நண்பருக்கு ஈரல் இறுகியிருக்கிறதா என்பதையே யாரும் பார்த்திருக்கவில்லை. அதை ஓரளவு கணிக்க ஃபிப்-4 என்றொரு கணக்கு உண்டு. வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரு ஈரல் நொதியங்கள், குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை, இவ்வளவும் போதும். அவரது பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தோம். எல்லாம் அதிலேயே இருந்தன. அடுத்த கிளினிக்குக்கு அவற்றை எடுத்துக்கொண்டு போகிறார்.