ஏற்றத்தில் திணறும் வண்டி: சென்சாரை மாற்றும் முன் கழுவிப் பாருங்கள்

இயற்கை விவசாயத்தில் விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை வாடாமல் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி. நம்மில் பலர் நாமே ஏற்றி, நாமே ஓட்டி, நாமே விற்கிறோம். அதனால் மாட்டுக்கு வரும் நோய் தெரிந்திருப்பது மாதிரி, வண்டிக்கு வரும் நோயும் கொஞ்சம் தெரிந்திருக்கணும்.

நான் தாளவாடி மலைப்பகுதியில் காய்கறி பயிரிடுகிறேன். எங்களிடம் இருப்பது ஒரு பழைய டீசல் பிக்கப். முட்டைக்கோஸ், பீட்ரூட், தக்காளி ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சத்தியமங்கலம் போகும். திரும்பும்போது புண்ணாக்கு மூட்டைகளோடு அதே வளைவுகளை ஏற வேண்டும். அது புலிகள் காப்பகத்துக்குள் போகும் பாதை. இரவில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. நடுவழியில் வண்டி நின்றால் அன்றைய பாடு அவ்வளவுதான்.

போன கோடையில் இந்த ஏற்றத்தில் வண்டி திணற ஆரம்பித்தது. காலியாகப் போனால் ஓடும். லோடு ஏற்றினால் இழுக்காது. இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்த தம்பி, "ஏர் ஃப்ளோ சென்சார் போயிருச்சுங்ணா, புதுசுதான் போடோணும்" என்றார். புதிதாகப் போட்டால் சில ஆயிரம் ரூபாய். "மாத்தறதுக்கு முன்னாடி ஒருக்கா கழுவிப் பாத்துரலாமா தம்பி?" என்று கேட்டேன். கழுவினோம். இன்றுவரை அதே சென்சாரில்தான் வண்டி மலை ஏறுகிறது.

சென்சாரின் வேலை என்ன?

பழைய டிராக்டர்களிலும், கம்ப்யூட்டர் இல்லாத பழைய டீசல் வண்டிகளிலும் இது கிடையாது. காமன் ரெயில் டீசல் வண்டிகள் பலவற்றில், ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் காற்றுக் குழாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாகம் செருகியிருக்கும். அதற்குள்ளே மெல்லிய கம்பியோ தகடோ மின்சாரத்தால் எப்போதும் சூடாக இருக்கும். இன்ஜின் இழுக்கும் காற்று அதன்மேல் பட்டு அதைக் குளிர்விக்கும். சூடான களியை ஊதி ஆற்றுகிறோமே, அதுபோலத்தான். சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து, உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று வண்டியின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

அந்தக் கம்பியில் தூசும் எண்ணெய்ப் பசையும் படிந்தால், போர்வை போர்த்திய மாதிரி ஆகிவிடும். காற்று பட்டாலும் சரியாகக் குளிராது. வருகிற காற்று குறைவு என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். புகை வரக்கூடாது என்று டீசலையும் குறைத்துவிடும். ஏற்றத்தில் இழுவை போவது இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியவை

ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பேப்பரில் கிழிசல் இருக்கிறதா? ஓரத்து ரப்பர் சரியாக உட்கார்கிறதா? அழுத்தமான கம்ப்ரசர் காற்றில் ஃபில்டரை ஊதி ஊதியே பலர் பேப்பரைக் கிழித்துவிடுகிறோம். அதற்கப்புறம் மண் ரோட்டுப் புழுதி நேராக சென்சாருக்கும் டர்போவுக்கும்தான் போகும். அதோடு ஹோஸ்களையும் கிளாம்ப்புகளையும் பாருங்கள். கரும்புகையும் விசில் சத்தமும் சேர்ந்து வந்தால், டர்போவுக்கு அப்புறம் உள்ள ஹோஸில் வெடிப்பு இருக்கலாம். அதற்கு சென்சாரைக் கழுவிப் பயனில்லை.

கழுவும் முறை

1. இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள்.

2. சென்சாரைச் சுற்றியுள்ள புழுதியை ஈரத்துணியால் துடையுங்கள். கழற்றும்போது மண் குழாய்க்குள் விழக்கூடாது.

3. ஒயர் கனெக்டரின் பூட்டை அழுத்தி எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பல வண்டிகளில் இரண்டு ஸ்க்ரூதான் இருக்கும். சிலவற்றுக்கு ஸ்டார் பிட் தேவைப்படும். சென்சாரை எடுத்ததும் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

4. ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் கிளீனர் ஸ்பிரேயை, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பத்துப் பதினைந்து முறை அடியுங்கள். அழுக்கு தானாகக் கரைந்து வடியும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சீக்கிரம் தீப்பற்றும் திரவம். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

5. நிழலில் அரை மணி நேரம் தானாகவே காயட்டும்.

6. ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா பார்த்து, முன்பு இருந்த திசையிலேயே மாட்டுங்கள். மூடிய துணியை எடுக்க மறக்காதீர்கள்! கனெக்டரையும் பேட்டரியையும் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்து அழிக்கச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

உள்ளே இருக்கும் கம்பி மிக மெல்லியது. விரல், பஞ்சு, பிரஷ் எதுவும் படக்கூடாது. கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். பெட்ரோல், தின்னர், கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் இவற்றையெல்லாம் அடித்தால் பிளாஸ்டிக் கெடலாம், பசை மிஞ்சலாம். அப்புறம் புது சென்சார் வாங்கித்தான் ஆகணும்.

கழுவியும் இழுவை வரவில்லை, அதே கோளாறு மறுபடி காட்டுகிறது என்றால் சென்சார் உண்மையிலேயே பழுதாகியிருக்கலாம். அப்போது மாற்றுவதுதான் சரி.

ஃபில்டரைக் கவனிக்காமல் சென்சாரை மட்டும் கழுவுவது, மண்ணைக் கவனிக்காமல் பூச்சிக்கு மருந்தடிப்பது மாதிரி. கொஞ்ச நாளில் திரும்ப வரும். புழுதி ரோட்டில் ஓடும் வண்டிக்கு, கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டர் மாற்ற வேண்டியிருக்கும்.

கிளீனர் டப்பா சில நூறு ரூபாய்தான். ஒரு டப்பா மூன்று நான்கு வண்டிகளுக்கு வரும். உங்கள் ஊர்க் குழுவில் சேர்ந்து ஒன்று வாங்கி வையுங்கள்.