முட்டுக்கட்டையும் விட்டுக்கொடுத்தலும்

கணிப்பொறி வருவதற்கு முந்திய காலத்து வங்கி ஒன்றை மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். நீண்ட மேசை, அதன்மேல் கணக்கேடுகள். ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் தனித்தனியே ஓர் ஏடு உண்டு. ஏட்டைக் கையில் வைத்திருப்பவரே அதில் எழுதலாம். பிறர் அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இதுவே அங்குள்ள விதி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு குமாஸ்தாவுக்கு ஒரு வேலை வருகிறது. 101-ஆம் கணக்கிலிருந்து 500 ரூபாயைக் கழித்து, 202-ஆம் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர் 101-ஆம் ஏட்டைக் கையில் எடுத்துக்கொள்கிறார். அதே வேளையில் மற்றொரு குமாஸ்தா, 202-ஆம் கணக்கிலிருந்து 300 ரூபாயைக் கழித்து, 101-ஆம் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவர் 202-ஆம் ஏட்டை எடுத்துக்கொள்கிறார். இப்போது முதலாமவர் 202-ஆம் ஏட்டைத் தேடுகிறார். அது இரண்டாமவர் கையில் இருக்கிறது. இரண்டாமவர் 101-ஆம் ஏட்டைத் தேடுகிறார். அது முதலாமவர் கையில் இருக்கிறது. இருவரும் காத்திருக்கின்றனர். இருவரும் நேர்மையானவர்கள், விதி தவறாதவர்கள். எனினும் எத்தனை நாழிகை கழிந்தாலும் வேலை ஓரடியும் நகராது.

மனிதர்களாயின் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்ப்பர், நகைப்பர், ஒருவர் தம் ஏட்டை மற்றவரிடம் கொடுத்துவிடுவார். கணிப்பொறிக்குள் ஓடும் நிரல்களுக்கோ நிமிர்ந்து பார்க்கும் கண் இல்லை. காத்திரு என்றால் அவை காத்துக்கொண்டே இருக்கும். இந்த நிலையைத்தான் முட்டுக்கட்டை என்கிறோம். கணிப்பொறித் துறையினர் இதனை டெட்லாக் என்பர். இது எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வங்கியின் ஏடுகள் இருந்த இடத்தில் இன்று தரவுத்தளம் இருக்கிறது. செய்திகளை எல்லாம் வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாக அமைத்து வைக்கலாம் என்னும் கருத்தை, ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அக்கருத்தின்படி அமைந்தவையே உறவுநிலைத் தரவுத்தளங்கள். வங்கிக் கணக்கு, கடைச் சரக்கு, பயணச் சீட்டு முதலிய எத்தனையோ துறைகளின் விவரங்கள் இத்தகைய அட்டவணைகளிலேதான் வைக்கப்படுகின்றன. ஓர் அட்டவணையை ஒரே நொடியில் நூற்றுக்கணக்கானோர் படிக்கவும் திருத்தவும் கூடும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். காத்திருக்க வேண்டும் என்னும் விதியால் அன்றோ முட்டுக்கட்டை வந்தது? அந்த விதியையே நீக்கிவிட்டால் என்ன? நீக்கினால் நேர்வது யாது என்று பார்ப்போம். 101-ஆம் கணக்கில் 5,000 ரூபாய் இருக்கிறது. ஒருவர் 1,000 ரூபாய் கட்டுகிறார். அதே வேளையில் மற்றொருவர் 2,000 ரூபாய் எடுக்கிறார். கட்டுபவரின் நிரல் 5,000 என்று படித்தது. எடுப்பவரின் நிரலும் 5,000 என்றே படித்தது. முன்னது 6,000 என்று எழுதியது. பின்னது, தான் முன்பு படித்த தொகையிலிருந்து கழித்து, 3,000 என்று அதன்மேல் எழுதிவிட்டது. இருக்கவேண்டிய தொகை 4,000. கட்டிய 1,000 ரூபாய் சுவடின்றி மறைந்துவிட்டது! எவரும் திருடவில்லை; எந்த இயந்திரமும் பழுதுபடவில்லை. ஆனால் கணக்கு பொய்யாகிவிட்டது. இதனைத் தடுப்பதற்கே பூட்டு வேண்டும். ஒரு வரிசையைத் திருத்தத் தொடங்கிய நிரல் அதனைப் பூட்டிக்கொள்ளும். திருத்த விரும்பும் மற்றது காத்திருக்கும்.

இன்னும் ஒன்று. 101-இல் 500 ரூபாயைக் கழித்தபின், 202-இல் சேர்ப்பதற்கு முன், மின்சாரம் நின்றுவிட்டால் அந்தப் பணம் எங்கே? ஆகவே, இத்தகைய வேலையைப் பிரிக்க முடியாத ஒரே செயலாகத் தரவுத்தளம் கருதுகிறது. அதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். அது முழுவதும் நடக்க வேண்டும். இல்லையேல் ஒன்றும் நடவாதது போல் பழைய நிலை திரும்ப வேண்டும். இதன் பொருட்டு, செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளம் குறித்து வைத்துக்கொள்கிறது. அக்குறிப்பைக் கொண்டு எந்நேரமும் பின்னோக்கிச் செல்ல அதனால் இயலும்.

எஸ்வரன், கிரே, லோரி, டிரெய்கர் ஆகிய நால்வரும் 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பூட்டுகளை எவ்வாறு கையாண்டால் கணக்கு பிழையாகாது என்பதற்கு ஒரு விதி கூறினர். ஒரு பரிவர்த்தனை ஏதேனும் ஒரு பூட்டை விடுவித்துவிட்டால், அதன்பின் புதிய பூட்டு எதனையும் பெறுதல் கூடாது. எல்லாப் பரிவர்த்தனைகளும் இவ்விதியைக் கடைப்பிடித்தால், பலர் ஒரே நேரத்தில் வேலை செய்தாலும், ஒருவர்பின் ஒருவராகச் செய்தது போன்ற விளைவே கிட்டும். விதி நல்லதுதான். ஆனால், கையில் உள்ளதை விடாமலே அடுத்ததைக் கேட்க வேண்டும் என்பது அன்றோ இதன் பொருள்? நம் குமாஸ்தாக்கள் செய்ததும் அதுவே. கணக்கைக் காக்கும் விதியே முட்டுக்கட்டைக்கும் வித்தாகிறது. இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால் இத்தொல்லை நேரும் வாய்ப்புக் குறையலாம். ஆனால் நேர்ந்துவிட்ட முட்டுக்கட்டையை எந்த வேகமும் அவிழ்க்காது.

முட்டுக்கட்டை நேர்வதற்கு நான்கு நிலைமைகள் ஒருங்கே அமைய வேண்டும் என்று காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி என்னும் மூவர் 1971-இல் எழுதினர். ஒரு பொருளை ஒருவரே வைத்திருக்க முடியும் என்பது முதலாவது. கையில் ஒன்றை வைத்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருப்பது இரண்டாவது. ஒருவர் கையில் உள்ளதைப் பிறர் பறிக்க இயலாமை மூன்றாவது. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் வரிசை வளையமாக முடிவது நான்காவது. இவற்றுள் எந்த ஒன்றை அகற்றினாலும் முட்டுக்கட்டை இல்லை. முதல் இரண்டையும் அகற்றினால் கணக்கு பிழையாகும் என்பதை இப்போதுதான் கண்டோம். ஆகவே மூன்றாவதன் மீதோ நான்காவதன் மீதோதான் கை வைக்க வேண்டும்.

மூன்றாவதன் மீது கை வைப்பது தரவுத்தளத்தின் வேலை. எந்தப் பரிவர்த்தனை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அது அறியும். காத்திருப்பவரிடமிருந்து, காக்கவைப்பவரை நோக்கி ஓர் அம்பு வரைவதாகக் கொள்ளுங்கள். அம்புகளைத் தொடர்ந்து சென்று, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் அது வளையம், அதாவது முட்டுக்கட்டை. வளையம் இல்லையேல் அது வெறும் தாமதமே, பொறுத்திருந்தால் தீரும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம், மாற்றாத அமைப்பின்படி, ஒரு நிரல் 1 நொடி காத்திருந்த பின்பே வளையம் உண்டா என்று தேடுகிறது. மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் வழக்கமாக 5 நொடிகளுக்கு ஒருமுறை தேடுகிறது. முட்டுக்கட்டைகள் மிகுந்தால் அந்த இடைவெளியைத் தானே குறைத்துக்கொள்கிறது. எல்லாக் காத்திருப்பும் முட்டுக்கட்டை அன்று. தேடுவதற்கும் உழைப்பு வேண்டும். ஆதலின் சற்றுப் பொறுத்துத் தேடுகின்றன.

வளையம் கண்டதும், அதிலுள்ள பரிவர்த்தனைகளுள் ஒன்றைத் தரவுத்தளம் பலியாகத் தேர்ந்தெடுக்கிறது. குறிப்பேட்டைப் பார்த்து அது செய்த மாற்றங்களை எல்லாம் அழித்து, அதன் பூட்டுகளை விடுவிக்கிறது. மற்றவை நகர்கின்றன. யாரைப் பலியிடுவது? மை எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தின் இன்னோடிபி என்னும் பகுதி, குறைந்த எண்ணிக்கையான வரிசைகளை மாற்றிய சிறிய பரிவர்த்தனையைத் தேர முயல்கிறது; அழிக்க வேண்டிய வேலை குறைவு அன்றோ? ஆனால் இன்னார்தாம் பலியாவார் என்று நம்பி நிரல் எழுதுதல் கூடாது.

சிறியவரையே எப்போதும் பலியிட்டால், ஒருவரே மீண்டும் மீண்டும் விழக்கூடும். இந்த அநீதியைத் தவிர்க்க, ரோசன்கிரான்ஸ், ஸ்டேர்ன்ஸ், லூயிஸ் ஆகியோர் 1978-இல் வயதை அடிப்படையாகக் கொண்ட முறை ஒன்றை வகுத்தனர். முன்னே தொடங்கியவர், பின்னே தொடங்கியவருக்காகக் காத்திருக்கலாம். பின்னே தொடங்கியவரோ முன்னவரின் பூட்டுக்குக் காத்திருத்தல் கூடாது. உடனே விலகி, மீண்டும் தொடங்க வேண்டும். காத்திருக்கும் அம்புகள் எல்லாம் மூத்தவரிடமிருந்து இளையவரை நோக்கியே செல்வதால் வளையம் உண்டாக வழியே இல்லை. விலகியவர் மீண்டும் வரும்போது பழைய வயதுடனேயே வருகிறார். ஆகவே, நாளடைவில் அவரே மூத்தவராகி, தம் வேலையை முடித்துக்கொள்வார்.

இனி நான் சொல்லப்போவதை வருங்கால நிரலாளர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். பலியான பரிவர்த்தனையின் பணம் தொலைவதில்லை. பழைய நிலையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால், கேட்ட வேலை நடக்கவில்லை. தரவுத்தளம் பிழைச் செய்தி ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மறுமுறை செய்து பார்ப்பது நிரலின் கடமை. அச்செய்தியைக் கவனியாது விட்ட நிரல், நடவாத வேலையை நடந்ததாக வாடிக்கைக்காரருக்குச் சொல்லிவிடும். முட்டுக்கட்டையால் விளையும் உண்மையான கேடு பெரும்பாலும் இதுவே.

மறுமுறை செய்வதிலும் ஒழுங்கு வேண்டும். நின்ற இடத்திலிருந்து தொடரக் கூடாது; முதலிலிருந்தே தொடங்கி, இருப்புத் தொகையை மீண்டும் படிக்க வேண்டும். இடையே அது மாறியிருக்கலாம். இரு நிரல்களும் ஒரே கணத்தில் திரும்பி வந்து மறுபடியும் மோதாதபடி, ஒவ்வொன்றும் வெவ்வேறு சிறு இடைவெளி விட்டு வர வேண்டும். இத்தனை முறைதான் முயல்வது என்று ஓர் எல்லையும் வேண்டும். பணம் சேர்ந்தது என்னும் அறிவிப்பை, பரிவர்த்தனை உறுதியான பின்பே அனுப்ப வேண்டும். அட்டவணையில் எழுதியதைத் தரவுத்தளம் அழிக்கும், அனுப்பிய கடிதத்தை அழிக்காது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. அது முட்டுக்கட்டையில் சிக்கிய ஒரு கட்டளையை மட்டுமே அழிக்கிறது. அதற்கு முன் செய்தவையும் அவற்றின் பூட்டுகளும் அப்படியே நிற்கின்றன. முழுவதையும் திருப்புமாறு நிரலே சொல்ல வேண்டும்.

நான்காவது நிலைமையாகிய வளையத்தைத் தடுப்பது முழுவதும் நிரலாளர் கையில் உள்ளது. வழி மிக எளியது. பணம் எத்திசையில் செல்வதாயினும், சிறிய எண்ணுள்ள கணக்கை முதலிலும் பெரிய எண்ணுள்ளதைப் பின்பும் பூட்ட வேண்டும். நம் குமாஸ்தாக்கள் இருவரும் 101-ஆம் ஏட்டையே முதலில் நாடியிருந்தால், ஒருவர் இரண்டு ஏடுகளையும் பெற்று வேலையை முடித்திருப்பார், மற்றவர் சிறிது நேரம் நின்றிருப்பார், அவ்வளவே. இது எத்தனை பேருக்கும் பொருந்தும். பூட்டப்பட்ட கணக்குகளுள் மிகப் பெரிய எண்ணுள்ளது எவரிடம் இருக்கிறதோ, அவர் பிறரிடம் உள்ள எதற்காகவும் காத்திருக்க மாட்டார். எனவே, அவராவது முன்னேறி முடிப்பார். பிறகு அடுத்தவர் முடிப்பார்.

இந்த விதி எட்டாத ஓர் இடமும் உண்டு. சில தரவுத்தளங்களில், படிப்பதற்கான பூட்டைப் பலர் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். இருவர் ஒரே வரிசையைப் படிக்கின்றனர். பின்பு இருவருமே அதில் எழுத விரும்புகின்றனர். மற்றவர் படிக்கும் பூட்டை விட்டாலன்றி எவரும் எழுத முடியாது. ஒரே ஏட்டில் முட்டுக்கட்டை! இங்கே எண் வரிசை உதவாது. திருத்தும் எண்ணம் உள்ளவர் படிக்கும்போதே எழுதுவதற்கான பூட்டைக் கேட்டுவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் போன்றவை வரிசையின் பழைய வடிவத்தைக் காட்டி, வெறுமனே படிப்பவரைக் காக்க வைப்பதில்லை. எனினும் எழுதுவோர் இருவர் மோதுவதை அவற்றாலும் தவிர்க்க இயலாது.

பரிவர்த்தனை எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு நல்லது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மனிதர் ஒருவரின் விடைக்காகக் காத்திருக்கும் நிரல் பெருந்தவறு செய்கிறது. அவர் தேநீர் அருந்தச் சென்றுவிட்டால், அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். கேட்க வேண்டியவற்றை எல்லாம் முன்னரே கேட்டுக்கொண்டு, பிறகே பூட்டைத் தொட வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும், எதிர்பாராத இடத்தில் எப்போதேனும் ஒரு முட்டுக்கட்டை எழவே செய்யும். ஒரே கட்டளை பல வரிசைகளைத் திருத்தும்போது, அவற்றை எந்த ஒழுங்கில் பூட்டுவது என்பதைப் பெரும்பாலும் தரவுத்தளமே முடிவு செய்கிறது. நம் ஒழுங்கு அங்கே செல்லாமற் போகலாம். ஆகவே, ஒழுங்கை வகுத்தவரும் மறுமுயற்சிக்கான வழியை எழுதியே தீர வேண்டும். ஒழுங்கு முட்டுக்கட்டைகளை அரிதாக்கும். மறுமுயற்சி அவற்றைத் தீங்கற்றவையாக்கும்.

மாணவ நண்பர்களே, இனி நீங்கள் எழுதும் நிரல் ஒன்றில் இத்தகைய பிழைச் செய்தி தோன்றுமாயின், தரவுத்தளம் கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். கணக்கு பொய்யாகாமல் இருப்பதற்காக அது ஒருவரை விட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறது. விட்டுக்கொடுத்தவரை மீண்டும் வரிசைக்கு அழைத்து, அவர் வேலையை முடித்துத் தருவது உங்கள் பொறுப்பு.