கான்கிரீட் ஊற்றும் முன்பே மோதலைக் கண்டுபிடிக்கலாம்

சென்ட்ரிங் பிரித்த பிறகுதான் ஏசி டக்ட் போக வழியில்லை என்பது பல இடங்களில் தெரியவருகிறது. பிறகென்ன, இறுகிய உத்திரத்தில் டிரில் இறங்கும். இந்த அநியாயத்தைத் திரையிலேயே தடுக்க வந்தவைதான் 'பிம்' (BIM, கட்டடத் தகவல் மாதிரியாக்கம்) மென்பொருள்கள். ரெவிட், ஆர்க்கிகேட் போன்றவற்றில் சுவர் என்பது வெறும் கோடு அல்ல. தடிமனும் பொருளும் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். ஜன்னலை அகலமாக்கினால் பிளான், எலிவேஷன், அளவுப் பட்டியல் எல்லாம் சேர்ந்தே மாறும்.

புதியவர்களைக் கெடுப்பது ஆர்வ மிகுதி. கதவுக் கைப்பிடியின் திருகு வரை வடித்து வைப்பார்கள். கோப்பு கனத்துக் கணினி திணறும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு விவரம் தேவை என்பதற்கு எல்ஓடி (LOD) எனப்படும் 100 முதல் 500 வரையிலான படிநிலைகள் உண்டு. தொடக்கத்தில் உருவமும் இடமும் போதும்.

ஆட்டோகேட் வரைபடத்தை ரெவிட்டில் 'இம்போர்ட்' செய்வதைவிட 'லிங்க்' செய்வதே நல்லது. மூல வரைபடம் திருத்தப்பட்டால் மறுபடி ஏற்றினால் போதும்.

பலர் சேர்ந்து வரையும்போது மையக் கோப்பில் யாரும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. அவரவர் நகலில் வரைந்து, அடிக்கடி 'சிங்க்' செய்ய வேண்டும். ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர், பிளம்பிங் குழு மூவரின் மாதிரிகளுக்கும் ஆயத்தொலைவுகள் ஒன்றாக இருப்பது அதைவிட முக்கியம். பிறகு மாதிரிகளை ஒன்றுசேர்த்து 'நேவிஸ்வொர்க்ஸ்' மென்பொருளில் மோதல் சோதனை. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிட்டால் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீளும். முதலில் உத்திரமும் பெரிய டக்டும், சின்னக் குழாய்கள் அப்புறம்.

பிரிட்டன் 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசுக் கட்டுமானங்களுக்கு பிம்மைக் கட்டாயமாக்கியது. பிம் கற்க விரும்பியும் உரிமக் கட்டணம் கட்ட முடியாதவர்கள், 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண மென்பொருளோடு இயங்கும் இலவச 'போன்சாய்' மென்பொருளில் இன்றே தொடங்கலாம்.