அறிக்கையில் ‘எம்டிஏபி இழப்பு’ என்றிருந்தால்

புற்றுநோய்க் கட்டியின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் ‘எம்டிஏபி இழப்பு’ என்ற வரியைக் கண்டு, அது நல்லதா கெட்டதா என்று கேட்கும் குடும்பத்தினரை நாங்கள் சந்திக்கிறோம். விடையைப் பிஆர்எம்டி5 என்னும் நொதியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதி மெத்தில். அதைப் புரதங்களிலுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தில் பொருத்துவதே இந்நொதியின் வேலை. மெத்திலை அளிப்பது, சுருக்கமாக ‘சாம்’ எனப்படும் மூலக்கூறு. உணவில் கிடைக்கும் மெத்தியோனினிலிருந்து உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. மரபணுவின் நகலான ஆர்என்ஏவை வெட்டி ஒட்டிச் செம்மைப்படுத்தும் புரதங்களுக்கு இந்த மெத்தில் அவசியம். அது கிடைக்காவிட்டால் வெட்டும் இடங்கள் பிசகும், பழுதான புரதங்கள் உருவாகும். இந்நொதியை முற்றிலும் இழந்த எலிக்கருக்கள் பிழைப்பதில்லை.

எம்டிஏபி வேறொரு நொதி. உயிரணுவில் சேரும் எம்டிஏ என்ற கழிவை அகற்றுவது அதன் பணி. அதன் மரபணு 9ஆம் குரோமோசோமில், புற்றுநோயைத் தடுக்கும் சிடிகேஎன்2ஏ மரபணுவுக்கு அருகில் உள்ளது. காவலாளியை இழக்கும் புற்றணு பல வேளைகளில் இந்த அண்டை வீட்டையும் சேர்த்தே இழக்கிறது. கணையம், நுரையீரல், மூளை ஆகியவற்றின் சில புற்றுநோய்களில் இதைக் காண்கிறோம். அப்போது தேங்கும் எம்டிஏ, சாம் அமரவேண்டிய இடத்தில் அமர்ந்து பிஆர்எம்டி5இன் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. புற்றணு ஏற்கெனவே நொண்டுகிறது என்பதே இதன் பொருள்.

முதலில் வந்த மருந்துகள் எல்லா உயிரணுக்களிலும் இந்நொதியைத் தடுத்தன. இரத்த அணுக்கள் குறைந்தன. புதிய மருந்துகள் எம்டிஏ அமர்ந்திருக்கும் நொதியையே முதன்மையாகப் பற்றுகின்றன. ஆகவே நலமான அணுக்கள் பெரும்பாலும் தப்புகின்றன. இதை அறிவுக்கூர்மை மிக்க உத்தியாகவே கருதுகிறோம். ஆயினும் இம்மருந்துகள் மனிதர்களிடம் ஆய்வு நிலையில் சோதிக்கப்படுபவை. வழக்கமான சிகிச்சையை இவற்றுக்காக நிறுத்தலாகாது.

இந்த இழப்பு பெரும்பாலும் கட்டியில் மட்டுமே நேர்வது. பிள்ளைகளுக்குக் கடத்தப்படுமோ என்ற அச்சம் பொதுவாகத் தேவையில்லை. ‘மெத்திலேற்றத்தைச் சீராக்கும்’ என விற்கப்படும் மாத்திரைகள் இழந்த மரபணுவை மீட்பதில்லை. அவற்றை உட்கொள்வதாயின் மறைக்காமல் எங்களிடம் கூறுங்கள். அடுத்த வருகையின்போது அறிக்கையின் முழுப் பிரதியைக் கொண்டுவாருங்கள். தகுந்த மருந்தாய்வு ஏதேனும் உள்ளதா என்று சேர்ந்தே பார்ப்போம்.