ஊருக்கு ஊர் வேறு சத்தம்

செய்தி வாசிப்பவர் பட்டுப்புடவையில் வந்துவிட்டால் ஆடியோ பார்ப்பவருக்கு வேலை கூடிவிடும். மூச்சை இழுத்து விடும் அசைவுக்கே பட்டு சரசரக்கும். காலர் மைக் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். முந்தானை மடிப்பை மைக்கில் உரசாதபடி டேப் போட்டு ஒட்டி, வயரை உள்பக்கமாக ஒரு வளையம் விட்டுச் செருகி, இரண்டு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் அடுத்த வேலை. விஸ்காம் கடைசி ஆண்டில் ஒரு தமிழ்ச் செய்தி சேனலில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது நான் கற்ற முதல் பாடம் இது. கேமரா பழகும் ஆசையோடுதான் போனேன். என்னை உட்காரவைத்தது ஆடியோ மேசையில். அங்கிருந்து சாலிகிராமத்தில் ஒரு ஒலிப்பதிவு ஸ்டுடியோவுக்குப் பயிற்சிக்கு வந்தேன். இனி இந்தத் துறையை விட்டுப் போவதாக இல்லை.

தொலைக்காட்சி நிலையத்தின் உயிர் இருப்பது பி.சி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் கட்டுப்பாட்டு அறையில். ஒரு சுவர் முழுக்கத் திரைகள். நடுவில் ஸ்விட்சரில் ஒருவர், அருகில் பேனல் புரொடியூசர், ஓரத்தில் கிராபிக்ஸ் பார்ப்பவர், பக்கத்து மேசையில் ஆடியோ. செய்தி தொடங்கிவிட்டால் அந்த அறையில் உரக்கப் பேசும் உரிமை பேனல் புரொடியூசர் ஒருவருக்குத்தான். அவர் டாக்பேக்கில் சொல்வது வாசிப்பவரின் காதுக்குள் போகும். தேர்தல் முடிவைப் படித்துக்கொண்டே, ‘இன்னும் பத்து செகண்ட், அடுத்து மதுரை’ என்பதையும் வாசிப்பவர் கேட்டுக்கொள்கிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். இதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, செய்தி வாசிப்பது சுலபமான வேலை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மதுரையில் நிற்கும் நிருபர், கேள்வி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தலையாட்டியபடி நிற்பதை வீட்டில் பலரும் பார்த்திருப்பீர்கள். அவருக்கு விடை தெரியாமல் இல்லை. நேரலைக்காக அங்கே நிறுத்திய ஓ.பி. வேனிலிருந்து கிளம்பும் படமும் ஒலியும் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளைத் தொட்டுத் திரும்பி வருகின்றன. ஒளியின் வேகத்தில் போனாலும் ஏறி இறங்க ஏறக்குறைய கால் செகண்ட் ஆகும். கேள்வியும் அதே வழியில் போனால் அரை செகண்ட். கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் அந்தத் தலையாட்டல் இன்னும் நீளும். ஆடியோ மேசையில் இருப்பவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நிருபருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அவருடைய குரலை மட்டும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தான் பேசியதே தாமதமாகக் காதில் விழுந்து அவருக்கு நாக்கு குழறும்.

நேரலையில் இரண்டாவது டேக் கிடையாது. சினிமா ஒலியில் எத்தனை டேக் வேண்டுமானாலும் உண்டு, ஆனால் ஒரு ஃப்ரேம் பிசகக் கூடாது. சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம், நம் நாட்டுத் தொலைக்காட்சி 25. ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லிசெகண்ட் அளவு. ஒளிபரப்பில் உதட்டசைவை விட ஒலி 40 மில்லிசெகண்டுக்கு மேல் முந்தக் கூடாது, 60 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் பரிந்துரைத்திருக்கிறது. பிந்துவதற்கு மட்டும் ஏன் கூடுதல் சலுகை? எங்கள் ஊர்க் கண்மாயின் மறுகரையில் துணி துவைப்பவரைப் பார்த்தால் விளங்கும். கை இறங்குவது முதலில் தெரியும், கல்லில் அடித்த சத்தம் பிறகுதான் வந்து சேரும். பார்த்த பிறகு கேட்பது பிறந்ததிலிருந்து நமக்குப் பழக்கம். கேட்ட பிறகு பார்ப்பது உலகில் நடக்காத ஒன்று, அதனால் மூளை உடனே சந்தேகப்படுகிறது.

டப்பிங் தியேட்டரில் நாள் முழுக்க நடப்பது இந்தச் சந்தேகத்தைத் துடைக்கும் வேலைதான். திரையில் ஒரு துண்டுக் காட்சி திரும்பத் திரும்ப ஓடும். காதில் ஹெட்போனோடு கலைஞர் பேசிப் பேசிப் பார்ப்பார். உதடு சரியாக அமர்ந்ததும், “சிங்க் ஓகே, ஆனா மூச்சு வரல மேடம், ஓடிவந்து பேசுற சீன்” என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து இன்ஜினியர் சொல்வார். அந்தக் கலைஞர் நின்ற இடத்திலேயே உடம்பைக் குலுக்கி மூச்சை வரவழைத்துக்கொண்டு மறுபடி பேசுவார். சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் பல படங்களில் குரல் கொடுத்த சவிதா ரெட்டி, நயன்தாராவுக்குக் குரல் கொடுத்த தீபா வெங்கட் போன்றவர்கள் செய்திருப்பது எத்தனை நுட்பமான நடிப்பு என்பது அந்த அறையில் நின்று பார்த்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

தமிழ் சினிமா எப்போதும் இப்படிக் குரலைப் பிறகு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது, எடுக்கப்பட்டது பம்பாயில். சென்னையில் ஒலிப்பதிவு வசதியோடு ஸ்ரீநிவாசா சினிடோன் எழுந்தது 1934இல். அதை நிறுவிய ஏ. நாராயணன் அங்கே எடுத்த ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’ சென்னையிலேயே தயாரான முதல் பேசும் படம். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. மீனா நாராயணன் என்று அறியப்பட்டவர், இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர். எங்கள் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. ஸ்டுடியோவில் மூத்த இன்ஜினியர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், ஒலி உள்ளே வராமல் தடுக்கும் சுவர்கூட இல்லாத காலத்தில், படத்தையும் குரலையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்ய வேண்டிய நிலையில், ஒரு பெண் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ‘இந்த டேக் வேண்டாம்’ என்று சொல்லியிருப்பார். இன்றும் மிக்சிங் அறைகளில் பெண்களை அதிகம் பார்க்க முடிவதில்லை. அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்து ஒலிப்பதிவின் பெரிய எதிரி காக்கை. சூரிய வெளிச்சத்தில் திறந்த வெளியில் நடக்கும் படப்பிடிப்பில் காக்கை கரைந்தால் வசனம் வீண். காக்கைகளை விரட்டவே தனியாக ஆள் வைத்திருந்தார்கள். பிறகு சுவர்கள் எழும்பின, கதவுகள் தடித்தன, ஸ்டுடியோ தளங்களுக்குள் அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் கேமரா அடைந்து கிடந்தது. கேமரா மறுபடி வெளியே வந்தபோது பெரும்பாலும் கொண்டுபோனது ஆரிஃப்ளெக்ஸ் 2சி. கைக்கு அடக்கமானது, ஆனால் ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். வசனத்தைக் குறிப்புக்காக மட்டும் பைலட் ட்ராக்கில் எடுத்துக்கொண்டு, சென்னை திரும்பிய பிறகு டப்பிங்கில் புதிதாகப் பேசவைப்பது வழக்கமானது. 1977இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகு கிராமத்துப் படங்களின் அலை எழுந்தது. கேமரா வயலுக்கும் களத்துமேட்டுக்கும் போனது. ஒலி பெரும்பாலும் கோடம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது.

தங்கிவிட்ட ஒலியைக் கையால் செய்பவர்கள்தான் எஃபெக்ட்ஸ் கலைஞர்கள். உலகம் முழுக்க இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். யுனிவர்சல் ஸ்டுடியோவில் 1929இல் ‘ஷோ போட்’ படத்துக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே கையொலியும் காலொலியும் எழுப்பிக் காட்டிய ஜாக் ஃபோலியின் பெயர் அது. சாலிகிராமத்து ஸ்டுடியோவில் தரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் சரளை, ஒன்றில் மொசைக், ஒன்றில் மரப்பலகை. எஃபெக்ட்ஸ் அண்ணன் திரையைப் பார்த்தபடி நாயகி நடக்கும்போது நடக்கிறார், நிற்கும்போது நிற்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பதினெட்டு வயதுப் பெண்ணின் நடையை நடந்து காட்டுவார். எலும்பு முறியும் சத்தத்துக்கு ஈரத்துணியில் சுற்றிய கேரட்டை ஒடிப்பார். நெருப்பு மூண்டு எரிவதற்கு மெல்லிய கண்ணாடித் தாளைக் கசக்குவார். அவர் ஒருமுறை என்னிடம், “கால்ல போடுற சத்தம் இல்லம்மா இது, மனசுல போடுறது. அவ கோவமா போறாளா, தயங்கிப் போறாளான்னு குதிகால்லயே தெரியணும்” என்றார். திரை இருட்டாக இருக்கும்போது அவர் நடப்பதைக் கேட்டுப் பார்த்தேன். தெரிந்தது.

ஆனால் கையால் செய்ய முடியாத ஒலி ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். ஓர் இடத்தின் ஒலி அது. தொழிலில் ஆம்பியன்ஸ் என்பார்கள். யாரும் பேசாதபோதும் ஓர் ஊர் எழுப்பிக்கொண்டே இருக்கும் சத்தம்.

டிவி தொடர்களின் வேகத்தில் இதற்கு நேரம் கிடையாது. நாளை ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடு இன்று மாலை வந்து சேரும். வசனம் பேசவைத்து, ஏற்கெனவே போட்டுவைத்த இசைத் துண்டுகளை ஒட்டி, இரவுக்குள் அனுப்ப வேண்டும். கிராமத்துக் காட்சி வந்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒலித் தொகுப்பைத் திறந்து ‘வில்லேஜ் நைட்’ என்ற கோப்பை இழுத்துப் போடுவார்கள். அதில் பூச்சிகள் கத்தும். எந்த நாட்டுப் பூச்சி? அந்தத் தொகுப்புகளில் பெரும்பாலானவை வெளிநாட்டில் பதிவானவை. திரையில் தேனி மலையடிவாரம், காதில் எங்கேயோ ஒரு புல்வெளி. ஹாலிவுட்டில் எந்தக் கழுகைக் காட்டினாலும் அமெரிக்காவின் செவ்வால் பருந்துடைய கீச்சிடலை ஒட்டுவது பழைய வழக்கம். நம் கோயில் கோபுரத்துக்கு மேல் செம்பருந்து வட்டமிடும் ஷாட்டிலும் அதே கீச்சிடல் வந்து விழுகிறது. செம்பருந்தின் குரல் அப்படி இருக்காது. மெலிந்து, குழந்தை சிணுங்குவதுபோல இழுக்கும். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காட்டும் படத்தில் அவர்கள் வானம் இல்லை.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் ஆடிக்காற்று அடித்தால் பனையோலை பேசும். தென்னையோலை காற்றில் வழிந்து ஓடும் சத்தம் தரும். பனையோலை அப்படியல்ல, காய்ந்த மட்டை மட்டையோடு மோதிச் சடசடக்கும், தூரத்தில் மழை வருகிறதோ என்று தோன்றும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கதை என்று சொல்லிவிட்டுத் தென்னந்தோப்புச் சத்தத்தைப் போட்டால் எங்களூர்க்காரருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஒட்டாது. ஐப்பசி மழைக்குப் பிறகு தஞ்சை வயல்களில் தவளைகள் எழுப்பும் இரைச்சல் எங்கள் கண்மாய்த் தவளைகளுக்கு இல்லை. சோமனூர், பல்லடம் பக்கம் போனால் விசைத்தறியின் சத்தம் சுவரைத் தாண்டித் தெருவில் நிற்கும். அங்கே வீட்டுக்குள் காதல் வசனம் பேசினாலும் அடியில் தறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

காலமும் ஒலியில்தான் இருக்கிறது. கமலை இறைத்த காலத்தில் கிணற்றடியில் வடக்கயிறு உருளையில் முனகும். பிறகு டீசல் இன்ஜின் வந்தது. நான்கு வயல் தள்ளியும் அதன் ‘டுக்குடுக்கு’ கேட்கும், யார் வயலில் தண்ணீர் பாய்கிறது என்று வீட்டிலிருந்தே சொல்வார்கள் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். இன்று மோட்டார் ஆழ்துளைக் கிணற்றுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. வெளியே தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். 1980இல் நடக்கும் கதைக்கு வேட்டிக் கரையும் பேருந்தின் வண்ணமும் தேடி அலையும் கலை இயக்குநர்கள் இருக்கிறார்கள். அந்த இன்ஜினைத் தேடி ஒலிப்பதிவாளரை அனுப்பிய தயாரிப்பாளர்கள் எத்தனை பேர்?

படம் எடுக்கும் இடத்திலேயே ஒலியைப் பதிவது முடியாத காரியம் இல்லை. 2001இல் வந்த ‘லகான்’ குஜராத்தின் கட்ச் மண்ணில் படப்பிடிப்பு நடக்கும்போதே வசனத்தைப் பதிவுசெய்தது. மும்பையின் தெருக்களில் எடுத்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக் கலவைக்காகக் கேரளத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி 2009இல் ஆஸ்கர் மேடை ஏறினார். நம்மிடமும் லைவ் சவுண்டில் எடுக்கும் இயக்குநர்கள் கூடிவருகிறார்கள். கேமராக்கள் இப்போது சத்தம் போடுவதில்லை. காரணமாக இருந்த இயந்திரம் போய்விட்டது, பழக்கம் மட்டும் இருக்கிறது.

நான் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் கையடக்க ரெக்கார்டரும் காற்றுக்கு ரோம உறை போட்ட மைக்கும் பைக்குள் வருகின்றன. பொழுது விடிவதற்கு முன் கண்மாய்க் கரையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வேன். கோப்பின் பெயரில் ஊர், மாதம், நேரம், காற்றடித்த திசை எல்லாம் எழுதிவைக்கிறேன். ‘வில்லேஜ் நைட்’ என்று ஒன்றுக்கும் பெயர் வைப்பதில்லை. ‘முதுகுளத்தூர், ஆடி, விடியல், பனை, மேல்காற்று’ என்றுதான் இருக்கும். எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்த ஒரு குறும்படத்தில் அதைப் போட்டுக் கேட்டபோது, சிவகங்கைப் பக்கத்து உதவி இயக்குநர் ஒருவர் நிமிர்ந்து, “இது நம்ம பக்கத்துல எடுத்ததா?” என்று கேட்டார். வசனமே இல்லாத இடம் அது.

படப்பிடிப்புத் தளங்களில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஷாட் ஓகே ஆனதும் பேக்-அப் சொல்வதற்கு முன் இரண்டு நிமிடம் கொடுங்கள். ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க, ஒலிப்பதிவாளர் அந்த இடத்தை மட்டும் பதிவுசெய்துகொள்ளட்டும். டிரைவர்கள் ஹாரன் அடிக்காமல் பார்த்துக்கொள்ள மேனேஜர்கள் உதவ வேண்டும். அந்தக் கோப்பை ஊர்ப் பெயரோடு எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.