எதிரணி பாயின்ட் கார்டை அடக்க கல்லூரி அணிகள் ஏன் திணறுகின்றன?

2008 நவம்பர் 25. அமெரிக்காவில் டேவிட்சன் கல்லூரிக்கும் மேரிலாந்து லயோலா கல்லூரிக்கும் கூடைப்பந்து மேட்ச். அப்போது கல்லூரி வீரர்களிலேயே அதிகப் புள்ளி குவித்துவந்தவர் டேவிட்சனின் பாயின்ட் கார்டுதான். அன்று அவர் எடுத்தது பூஜ்ஜியம். மொத்தமே 3 முறைதான் கூடையை நோக்கிப் பந்தை வீசினார்.

அப்போ லயோலா ஜெயிச்சிருக்கணுமே? இல்லை. 78-48 என்று 30 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அந்த வீரர், ஸ்டெஃபன் கரி.

ஒரு பாயின்ட் கார்டைத் தடுப்பது ஏன் இவ்வளவு சிக்கல் என்பதை இந்த ஒரே மேட்ச் சொல்லிவிடுகிறது.

பாயின்ட் கார்டு என்ன செய்வார்?

பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுவது, யாருக்கு எப்போது பாஸ் போகணும்னு முடிவெடுப்பது, இரண்டும் அவர் வேலை. பெரும்பாலும் அணியிலேயே உயரம் குறைந்தவர், ஆனால் வேகமானவர். எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது அவருக்கு முன்பே தெரியும். தடுப்பவருக்கோ அவர் திரும்பிய பிறகுதான் தெரியும். அந்த அரை நொடிதான் வித்தியாசம்.

கையை வைத்து நிறுத்தலாமே என்கிறீர்களா? விசில் ஊதிடுவாங்க. கைவைத்துத் தடுப்பதற்கு எதிரான விதிகளை என்பிஏ 2004-05 சீசனிலும், அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் 2013-14 சீசனிலும் கறாராக்கின. கல்லூரி மேட்சில் 5 ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டியதுதான்.

ஒரே ஒருவர் தடுத்தால் போதாதா?

போதாது. காரணம், ஸ்கிரீன். எதிரணியின் உயரமான வீரர் ஒருவர் வந்து, உங்கள் தடுப்பாளரின் வழியில் தூண் மாதிரி நிற்பார். பாயின்ட் கார்டு அவரை உரசிக்கொண்டு போவார். இப்போது உங்கள் அணிக்கு நாலு வழி:

- தூணுக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போனால், அவர் நின்ற இடத்திலிருந்தே மூன்று புள்ளி ஷாட் போடுவார்.
- அவரை ஒட்டியே முன்பக்கமாகப் போனால், ஓர் அடி பின்தங்குவீர்கள். அவர் நேராகக் கூடைக்குப் போய்விடுவார்.
- ஆளை மாற்றிக்கொண்டால், உங்கள் அணியின் மெதுவான உயர வீரர் அந்த வேகக்காரரிடம் தனியாக மாட்டுவார்.
- இரண்டு பேர் சேர்ந்து மறித்தால், மிச்சமுள்ள 3 பேர் எதிரணியின் 4 பேரைப் பார்க்கணும்.

லயோலா எடுத்தது நாலாவது வழி. பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரியை இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். அவர் அதோடு மல்லுக்கட்டவில்லை. பேசாமல் ஓரத்தில் போய் நின்றுகொண்டார். மற்ற 4 பேரும் 3 பேருக்கு எதிராகச் சாவகாசமாக ஆடினார்கள்.

அப்போ என்னதான் வழி?

முழுத் தீர்வு கிடையாது. எதை விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்யலாம். தூரத்து ஷாட் வராதவர் என்றால் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள், போடட்டும். நல்லா போடுபவர் என்றால் ஒட்டியே போங்கள். ஆனால் கூடைக்குக் கீழே இருக்கும் உயர வீரர் ஓர் அடி முன்னே வந்து வழியை அடைக்கணும். அவர் விட்டுவந்த ஆளை இன்னொருவர் பார்த்துக்கணும். எல்லாத்துக்கும் மேல, பேச்சு. 'ஸ்கிரீன் வருது, இடது பக்கம்' என்று பின்னாலிருப்பவர் கத்தாவிட்டால், முன்னாலிருப்பவர் முதுகில் கண் இருந்தால்தான் தப்பிக்க முடியும்.

கல்லூரி அணிகள் தடுமாறுவது இங்கேதான். இந்தப் பழக்கம் கூடி விளையாடிக் கூடி விளையாடித்தான் வரும். சீனியர்கள் படிப்பு முடிந்து போனதும் அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து.

நமக்கு இதில் என்ன?

1891-ல் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். சித்தூர் மாவட்டமும் அப்போது மதராஸ் மாகாணத்தில்தான் இருந்தது. இன்று மாநிலம் வேறு. ஆனாலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆந்திராவும் தமிழ்நாடும் ஒரே தென்மண்டலம். கார்வேட்டிநகரத்திலிருந்து திருப்பதிக்குப் படிக்கப் போய் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக ஜெர்சி போடும் பையன், சென்னைப் பாயின்ட் கார்டை எதிர்கொள்ள வேண்டி வரலாம்.

அப்படி ஒரு மேட்ச் பார்க்க நேர்ந்தால் ஒன்று கவனியுங்கள். எதிரணி கார்டு 30 புள்ளி எடுத்துவிட்டால், அவரைத் தடுக்க நின்ற பையன் மேல்தான் மொத்தப் பழியும் விழும். ஸ்கிரீன் வந்தபோது பின்னால் யாராவது குரல் கொடுத்தார்களா, கூடைக்குக் கீழே யாராவது ஓர் அடி முன்னே வந்தார்களா என்று பாருங்கள். இரண்டுமே நடக்கவில்லை என்றால், தோற்றது அந்தப் பையன் மட்டும் இல்லை. ஐந்து பேரும்தான்.